மறுக்கப்படாத மனுக்கள்: கருணை விடுதலையும் மேல்முறையீடும்

சிறையிலிருந்து முன்கூட்டி விடுதலை கேட்ட வழக்குகளின் தீர்ப்புகளைச் சில மாதங்களாக ஓய்வு நேரத்தில் வரிசையாக வாசித்து வருகிறேன். நான் வக்கீல் இல்லை. படித்தது பொறியியல், பிழைப்பு மென்பொருள். ஆகவே இதைச் சட்ட ஆலோசனையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நடைமுறையில் எங்கே அடைப்பு விழுகிறது என்று தேடிப் பார்ப்பது என் தொழில் பழக்கம். அந்தக் கண்ணோடு வாசித்ததில் தோன்றியதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி சின்னது. தண்டனை பெற்று உள்ளே இருக்கும் ஒருவருக்கு தீராத நோய், அல்லது தள்ளாத வயது. கருணை காட்டி விடச் சொல்லி அவர் மனு போடுகிறார். மறுக்கிறார்கள். அவர் எங்கே மேல்முறையீடு செய்வது?

இந்தியாவில் இதற்கு நேரடியான பதில் இல்லை என்பதுதான் வாசித்ததில் கிடைத்த முதல் ஆச்சரியம். இரண்டாவது ஆச்சரியம் இன்னும் பெரிது. பெரும்பாலான மனுக்களில் மறுப்பு என்று ஒன்று வருவதே இல்லை. மனு இருக்கும், நம்பர் இருக்கும், கோப்பு இருக்கும். பதில் மட்டும் இருக்காது.

1. வாசல்கள்

மதுரை புதுஜெயில் ரோட்டில் தினமும் போய் வருகிறவர்களுக்குக்கூட அந்த மதிலுக்குள்ளிருந்து ஒருவர் வெளியே வர எத்தனை வழி இருக்கிறது என்று தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது விடுப்பு. பேச்சில் பரோல் என்கிறோம். தமிழ்நாட்டில் இதற்கு 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன. அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு வகை. நெருங்கிய உறவினர் சாவு, கடும் நோய், கல்யாணம், பிள்ளை படிப்பு, வீடு பழுது பார்ப்பது, விவசாய வேலை என்று காரணங்களை விதிகள் அடுக்குகின்றன. பட்டியலை வாசித்தால் ஒன்று தெரியும். இவை பெரும்பாலும் குடும்பத்தின் தேவைகள். அம்மாவுக்கு முடியவில்லை என்றால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தனக்கே முடியவில்லை என்றால் முதலில் சிறை மருத்துவமனை, அப்புறம் பெரியாஸ்பத்திரியில் போலீஸ் காவலோடு ஒரு கட்டில். அதற்கு மேல் விதிகள் அதிகம் யோசிக்கவில்லை.

இரண்டாவது தண்டனைக் குறைப்பு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 432ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 473. மாநில அரசு மீதித் தண்டனையை ரத்து செய்யலாம். ஆனால் மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் என்றால் 14 வருடம் முழுசாக உள்ளே இருந்திருக்க வேண்டும். பழைய சட்டத்தில் அது 433ஏ, 1978இல் சேர்த்தது. இப்போது 475. நோய்க்கு இதில் தனி விலக்கு கிடையாது. பத்தாவது வருடத்தில் புற்றுநோய் வந்தாலும் கணக்கு 14தான்.

மூன்றாவது அரசியலமைப்பு. குடியரசுத் தலைவருக்கு 72ஆவது பிரிவு, ஆளுநருக்கு 161ஆவது பிரிவு. இந்த 14 வருடக் கணக்கு இவர்களைக் கட்டுப்படுத்தாது என்று 1980இல் மாரு ராம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சாகக் கிடக்கும் ஆயுள் கைதிக்குச் சட்டப்படி முழுசாகத் திறந்திருப்பது இந்த ஒரே வாசல்தான். அதன் சாவி அமைச்சரவையிடமும் ஆளுநரிடமும் இருக்கிறது.

விசாரணைக் கைதி என்றால் மருத்துவ ஜாமீன். அது தனிக் கதை, கீழே வருகிறது.

இந்த வாசல்கள் எதிலும் கைதிக்கு விடுதலை கேட்கும் உரிமை கிடையாது. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க என்று 1961லேயே கோபால் கோட்சே வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அவருக்கு இருப்பது தன் மனு பரிசீலிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை மட்டுமே. மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அங்கே நீதிபதி பார்ப்பது இவரை விடலாமா என்பதை அல்ல. முடிவெடுத்த முறை சரியா என்பதை. முறை தப்பு என்று தெரிந்தால் வழக்கமாக வரும் உத்தரவு: மறுபரிசீலனை செய்க. கோப்பு திரும்பவும் அதே மேசைக்குப் போகும்.

நல்ல உடம்போடு இருப்பவருக்கு இது சலிப்பு. ஆறு மாதம் என்று டாக்டர் நாள் குறித்தவருக்கு, வழக்கில் ஜெயித்தாலும் தோல்விதான்.

2. பேரறிவாளன் தீர்ப்பு

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தை எல்லோருக்கும் தெரிய வைத்தது பேரறிவாளன் வழக்கு. 1991 ஜூன் 11 அன்று கைதானபோது அவருக்கு 19 வயது. 1999இல் மரண தண்டனை உறுதியானது. 2014 பிப்ரவரி 18 அன்று அது ஆயுளாகக் குறைந்தது. நான் கவனித்தது அதற்குப் பிந்திய தேதிகளை.

2015 டிசம்பர் 30: ஆளுநருக்கு மனு.
2018 செப்டம்பர் 9: விடுதலை செய்யலாம் என்று தமிழ்நாடு அமைச்சரவை பரிந்துரை.
2021 ஜனவரி: ஆளுநர் அந்தப் பரிந்துரையைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிடுகிறார்.
2022 மார்ச் 9: உச்ச நீதிமன்றம் ஜாமீன்.
2022 மே 18: அரசியலமைப்பின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றமே விடுவிக்கிறது.

மனுவிலிருந்து விடுதலை வரை ஆறு வருடம் நாலு மாதத்துக்கு மேல். இவ்வளவு காலத்திலும் ஆளுநர் மறுப்பு என்று எழுதவில்லை. மறுத்திருந்தால் அன்றைக்கே அதை எதிர்த்து வழக்குப் போட்டிருக்கலாம். எழுதாததால் எதை எதிர்ப்பது என்பதே ஒரு வழக்காகிப் போனது.

இதோடு இன்னொரு தேதியையும் பக்கத்தில் வையுங்கள். 2000 பிப்ரவரி 2 அன்று தர்மபுரியில் வேளாண் பல்கலைக்கழகப் பேருந்தை எரித்து மூன்று மாணவிகள் இறந்த வழக்கில் தண்டனை பெற்ற மூவர், 2018 நவம்பரில் விடுதலையானார்கள். அதாவது பேரறிவாளன் பரிந்துரை போய்ச் சேர்ந்து இரண்டே மாதத்தில். அதிலும் ஆளுநர் ஒருமுறை கோப்பைத் திருப்பி அனுப்பினார்தான். ஆனால் திருப்பி அனுப்புவது ஒரு பதில். அரசு அந்தப் பதிலுக்குப் பதில் சொல்லி, வேலையை முடித்துக்கொண்டது. ஒரே மாளிகை, ஒரே பிரிவு, ஒரே வருடம். ஒரு கோப்பு நகர்கிறது, இன்னொன்று நகரவில்லை. ஏன் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

2022 தீர்ப்பின் பலம் எல்லோரும் எழுதியதுதான். 161இன் கீழ் அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும். அதைக் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட அவருக்கு அதிகாரம் இல்லை. முடிவெடுக்காமல் வைத்திருப்பதையும் நீதிமன்றம் கேள்வி கேட்கலாம். மூன்றும் பெரிய விஷயங்கள். அவருடைய நாள்பட்ட உடல் உபாதைகளையும், சிறை நடத்தையையும், உள்ளே இருந்தே படித்ததையும் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது.

என் விமர்சனம் வேறு இடத்தில். தாமதம் தவறு என்று சொன்ன தீர்ப்பு, எவ்வளவு நாள் ஆனால் தாமதம் என்று சொல்லவில்லை. ஒரு காலக்கெடு வைத்திருந்தால் மதுரையிலோ பாளையங்கோட்டையிலோ இருக்கும் பெயர் தெரியாத கைதிக்கும் அது உதவியிருக்கும். 142ஆவது பிரிவு என்பது அந்த வழக்கில் முழு நீதி செய்ய உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம். உயர் நீதிமன்றத்துக்கு அது கிடையாது. எங்கள் வேலையில் ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் நேரடியாக டேட்டாபேஸில் கைவைத்துச் சரிசெய்து கொடுப்போம். அவர் பிரச்சினை தீரும். பக் அப்படியே இருக்கும். அதுதான் இங்கே நடந்தது.

பேரறிவாளனுக்கு அற்புதம்மாள் இருந்தார். முப்பது வருடம் அவர் அலைந்தார். மாநிலமே பின்னால் நின்றது. இதே வழக்கில் மதுரை மத்திய சிறையில் இருந்த ரவிச்சந்திரனுக்காக அவருடைய தாயார் விடுப்புக்குக்கூட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போகவேண்டியிருந்தது. ராபர்ட் பயஸ் 2017இல் தன்னைக் கருணைக்கொலை செய்துவிடும்படி அரசுக்கே கடிதம் எழுதினார். இது பிரபலமான வழக்கின் நிலைமை. ஒரு கூலித் தொழிலாளி கைதியின் நிலைமையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

3. ஓர் உறிஞ்சு குழல்

ஸ்டேன் சாமி திருச்சி மாவட்டம் விரகலூரில் 1937இல் பிறந்தவர். இயேசு சபைப் பாதிரியார். வாழ்நாளில் பெரும்பகுதியை ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே கழித்தார். 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைதுசெய்தது. வயது 83. பார்க்கின்சன் நோய். தண்டனைக் கைதி அல்ல, விசாரணைக் கைதி. ஆனால் உபா சட்டத்தின் 43டி(5) ஜாமீனைக் கிட்டத்தட்ட அடைத்துவிடுவதால், உடல்நிலைதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வாதம்.

அதே அக்டோபரில் மருத்துவ ஜாமீன் மறுக்கப்பட்டது. நவம்பர் 6 அன்று, கை நடுக்கத்தால் டம்ளர் பிடிக்க முடியவில்லை, உறிஞ்சு குழலும் மூடி போட்ட குவளையும் வேண்டும் என்று கேட்டார். பதில் சொல்ல முகமை 20 நாள் கேட்டது, நீதிமன்றம் கொடுத்தது. 26ஆம் தேதி, அவருடைய பொருள் எதுவும் எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. 2021 மார்ச் 22 அன்று வழக்கமான ஜாமீனும் மறுக்கப்பட்டது. மும்பை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேரறிவாளனுக்கு இல்லாதது இவருக்கு இருந்தது. எழுத்தில் மறுப்பு, காரணம், மேல்முறையீடு, மூத்த வக்கீல் எல்லாம் இருந்தது. மே 21 அன்று காணொளியில் நீதிபதிகளே அவரைப் பார்த்துப் பேசினார்கள். அரசு மருத்துவமனைக்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றார். இடைக்கால ஜாமீன் கொடுத்து ராஞ்சிக்கு, தன் ஆட்களிடம் அனுப்பச் சொன்னார். ஒரு வாரம் கழித்துத் தனியார் மருத்துவமனைக்கு மாற்ற உத்தரவானது. ஜூலை 5 அன்று அவருடைய ஜாமீன் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்ட செய்தியை மருத்துவர் நீதிமன்றத்திடம் சொன்னார்.

அவர் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. அவர் சிகிச்சை கேட்கவில்லை. எங்கே, யாரோடு சாவது என்பதைத்தான் கேட்டார். நம் சட்டத்துக்கு நோய் என்றால் சிகிச்சை வசதி இருக்கா இல்லையா என்ற ஒரே கேள்விதான் தெரியும். வசதி இருக்கிறது என்று சிறை நிர்வாகம் ஒரு வரி எழுதிவிட்டால் மனு விழுந்துவிடும். குணமாகாத நோய்க்கு அந்தக் கேள்வியே பொருந்தாது.

விடுதலை கிடைத்த பிறகும் இதே கதை நடந்திருக்கிறது. சாந்தன் 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். இலங்கைக்காரர் என்பதால் வீட்டுக்கு அல்ல, திருச்சி சிறப்பு முகாமுக்கு. யாழ்ப்பாணத்தில் இருந்த வயதான அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று மனு மேல் மனு. 15 மாதம் கழித்து அனுமதி வந்தபோது கல்லீரல் செயலிழந்து சென்னையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். 2024 பிப்ரவரி 28 அன்று இறந்தார். ஊருக்குப் போனது உடல்தான்.

4. மேலவளவை என்ன செய்வது?

இதுவரை வாசித்தவர்களில் சிலருக்கு மனசுக்குள் ஒரு ஆட்சேபணை ஓடியிருக்கும். மதுரைக்காரர்களுக்குக் கட்டாயம் ஓடியிருக்கும். ஓட வேண்டும்.

1997 ஜூன் 30. மேலூர் பக்கம் மேலவளவு. தனித்தொகுதியான ஊராட்சியில் தலைவராக ஜெயித்த ஒரே குற்றத்துக்காக முருகேசனும் அவரோடு வந்தவர்களும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி 3 பேர் விடுதலை. 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர் நூற்றாண்டு அரசாணையின் கீழ் 13 பேர் விடுதலை. ஊருக்குள் பயம், மதுரையில் போராட்டம், உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கு.

ஆக, நோயாளிக்குத் திறக்காத கதவு தலைவர்களின் பிறந்தநாளுக்குத் திறக்கிறது. தமிழ்நாட்டில் இது எந்தக் கட்சிக்கும் விலக்கில்லாத பழக்கம். 2021இலும் அண்ணா பிறந்தநாளை ஒட்டி 700 ஆயுள் கைதிகளுக்கு முன்விடுதலை அறிவித்தார்கள். எனக்கு மொத்த விடுதலை மேல் தத்துவார்த்தமாக எதிர்ப்பு இல்லை. பத்து, பதினைந்து வருடம் இருந்து திருந்தியவரை வைத்திருப்பதில் யாருக்கு என்ன லாபம்? ஆனால் அதைக் கருணை என்று சொல்லாதீர்கள். கருணை ஆளைப் பார்க்கும். இது பிரிவையும் வருடத்தையும் பார்த்து வடிகட்டும் பட்டியல். அந்த வடிகட்டியில் சாதிக் கொலை மாட்டாது. படுத்த படுக்கையான ஒருவர், தடைசெய்யப்பட்ட பிரிவு ஒன்று தன் தீர்ப்பில் இருக்கிற காரணத்தால் மாட்டிக்கொள்வார்.

சரி, ஒவ்வொரு ஆளாகப் பார்ப்பது எப்படி? அதற்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. 2000இல் லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து கேள்விகள் கொடுத்தது. குற்றம் சமூகத்தைப் பாதிக்காத தனிப்பட்ட குற்றமா? திரும்பச் செய்ய வாய்ப்பு உண்டா? குற்றம் செய்யும் வலுவை இழந்துவிட்டாரா? தொடர்ந்து அடைத்து வைப்பதில் பயன் உண்டா? குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன?

இந்த ஐந்தையும் மேலவளவுக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கேள்வியிலேயே நிற்கும். ஓர் ஊராட்சித் தலைவரை அவர் சாதிக்காகக் கொல்வது தனிப்பட்ட குற்றம் ஆகவே ஆகாது. படுத்த படுக்கையான கைதிக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு, மூன்று, நான்கு மூன்றும் அவருக்குச் சாதகமாக வரும். இதே ஐந்து கேள்விகளை நேர்மையாகக் கேட்டு, பதிலை எழுதி வைத்திருந்தால் இரண்டு இடத்திலும் சரியான முடிவு கிடைத்திருக்கும் என்பதுதான் என் வாதம்.

காரணம் எழுதுவது கைதிக்கு மட்டும் உதவும் விஷயம் இல்லை. முருகேசன் குடும்பத்துக்கும் அதுதான் ஆயுதம். 2022 ஆகஸ்ட் 15 அன்று விடப்பட்ட 11 பேரின் விடுதலையை எதிர்த்து பில்கிஸ் பானு போராடி, 2024 ஜனவரி 8 அன்று அது ரத்தானது. முடிவெடுத்த அரசுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. தவறான கருணையையும் கேள்வி கேட்க முடிய வேண்டும், தவறான மறுப்பையும் கேள்வி கேட்க முடிய வேண்டும். இரண்டுக்கும் தேவை ஒரே காகிதம்.

5. "உள்ளே போனதும் நெஞ்சுவலி"

அடுத்த ஆட்சேபணை டீக்கடையில் கேட்பது. வசதியானவன் உள்ளே போன மறுநாளே நெஞ்சுவலி வந்துவிடும், ஏ.சி. வார்டில் படுத்துக்கொள்வான், இதையெல்லாம் சட்டமாக்கினால் அவனுக்குத்தானே உபயோகம்?

நியாயமான சந்தேகம். வெளிநாட்டு உதாரணமும் உண்டு. லாக்கர்பி விமானக் குண்டுவெடிப்பில் தண்டனை பெற்ற மெக்ராஹியை, இன்னும் மூன்று மாதம்தான் என்று சொல்லி ஸ்காட்லாந்து அரசு 2009 ஆகஸ்ட் 20 அன்று கருணை அடிப்படையில் விடுவித்தது. அவர் 2012 மே 20 வரை, இரண்டே முக்கால் வருடம், உயிரோடு இருந்தார். இறந்த 270 பேரின் குடும்பங்கள் கொதித்துப் போயின.

ஆனால் இதில் ஒன்று இருக்கிறது. மெக்ராஹி விடுதலையை யார் முடிவெடுத்தார், எந்த மருத்துவ அறிக்கையின் பேரில், என்ன காரணத்துக்காக என்பது அன்றைக்கே பகிரங்கமாகச் சொல்லப்பட்டது. அதனால்தான் அதை விமர்சிக்கவாவது முடிந்தது. மருத்துவக் கணிப்பு பிசகலாம். நம் நெஞ்சுவலிக்காரர்கள் தப்பிப்பது கருணைச் சட்டத்தால் அல்ல, அப்படி ஒரு வெளிப்படையான நடைமுறை இல்லாததால். பணமும் ஆளும் உள்ளவருக்கு விதி இல்லாத இடம்தான் வசதி. இல்லாதவருக்குத்தான் எழுதி வைத்த விதி வேண்டும்.

6. தீர்வு நம் அலமாரியிலேயே இருக்கிறது

இங்கேதான் என் முக்கியமான குறிப்பு.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. மனுப் போட்டால் 30 நாளில் பதில். ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். எனக்குப் பிடித்த வரி அதன் 7(2)ஆவது பிரிவில் இருக்கிறது. குறித்த காலத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் மறுத்ததாகவே கருதப்படும். அப்படிக் கருதிக்கொண்டு 19ஆவது பிரிவில் மேல்முறையீட்டுக்குப் போகலாம்.

மென்பொருளில் இதை டைம்அவுட் என்போம். எதிர்ப்பக்கம் பதில் சொல்லாவிட்டால் காலமெல்லாம் காத்திருக்காதே, தோல்வி என்று வைத்துக்கொண்டு அடுத்த வழியைப் பார். மௌனத்தை ஒரு பதிலாக மாற்றும் ஏற்பாடு. பஞ்சாயத்து ஆபீசில் தெருவிளக்கு பில் கேட்கிறவருக்கு நம் சட்டம் இந்தப் பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது. சாகக் கிடக்கும் கைதியின் மனுவுக்குக் கொடுக்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே நோய் இருந்தது. 1984 முதல், கருணை விடுதலைக்கு நீதிமன்றத்தைக் கேட்கும் அதிகாரம் மத்திய சிறைத்துறைத் தலைமைக்கு மட்டும்தான். அவர்கள் கேட்காவிட்டால் கைதி ஒன்றும் செய்ய முடியாது. 2018 டிசம்பரில் வந்த ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம் ஒரு சின்ன மாற்றம் செய்தது. சிறை வார்டனிடம் மனு கொடுத்து 30 நாள் ஆகிவிட்டால் கைதியே நேராக நீதிபதியிடம் போகலாம். வார்டன் மறுக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. நாள் கடந்தால் போதும். கோவிட் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இந்த வழியில்தான் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் கையில். ஆனால் மனு ஒரு மனிதரின் கண்ணில் பட்டது.

இந்தியாவிலும் நீதிமன்றம் மெல்ல அந்தப் பக்கம் நகர்கிறது. 2022இல் ராம் சந்தர் வழக்கில், தண்டனை கொடுத்த நீதிமன்றத்தின் கருத்தை ஒரு வரியில் எழுதி அனுப்பினால் போதாது, காரணம் வேண்டும் என்றது. 2023இல் ஜோசப் வழக்கில், 26 வருடத்துக்கு மேல் உள்ளே இருந்த கேரளக் கைதி ஒருவரை, குற்றத்தின் வகையை மட்டும் பார்த்து ஒதுக்கியது தவறு என்று விடுவித்தது. 2025 பிப்ரவரி 18 அன்று வந்த உத்தரவு இன்னும் முக்கியம். கொள்கை இருக்கும் மாநிலத்தில் தகுதி வந்த கைதி மனுப் போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும்; கொடுத்தாலும் மறுத்தாலும் சுருக்கமாகக் காரணம் எழுத வேண்டும்; அதை உடனே சிறை வழியாகக் கைதியிடம் சேர்க்க வேண்டும்; மறுப்பை எதிர்க்க உரிமை உண்டு என்பதைச் சிறை நிர்வாகமே அவருக்குச் சொல்ல வேண்டும்.

வாசித்ததும் சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் முறை வாசித்தபோது இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. ஒன்று, தகுதி வருவதே 14 வருடத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் நோய் வந்தவருக்கு இந்த உத்தரவு பேசாது. இரண்டு, காரணம் எழுத வேண்டும் என்கிறது. எழுதாமலே வைத்திருந்தால் என்ன என்று சொல்லவில்லை. மறுபடியும் அதே டைம்அவுட். அதே 2025இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு, எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் தீராத நோயாளிகளுக்கும் விடுதலை கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இந்த இடைவெளியால்தான் என்று நினைக்கிறேன்.

என் பார்வையில் தேவை நான்கே மாற்றங்கள். நோய், முதுமை அடிப்படையிலான மனுவுக்குத் தனி விதி, 14 வருடக் கணக்கு இல்லாமல். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவக் குழுவின் அறிக்கை. குணமாகுமா, எவ்வளவு காலம் என்பதற்கு அதில் பதில். 30 நாளில் காரணத்தோடு உத்தரவு, கைதிக்குப் புரியும் மொழியில். இல்லாவிட்டால் மறுத்ததாகக் கருதி நேராக மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் அறிவிப்பு. இதில் எதற்கும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. 14 வருடக் கணக்குக்கு மட்டும் 161ஆவது பிரிவின் கீழ் அமைச்சரவை ஒரு கொள்கை முடிவு எடுக்க வேண்டும். மற்றவை மாநில விதிகளில் முடியக்கூடிய வேலை.

இந்தக் குறிப்பை எழுதிக்கொண்டே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் தயார் செய்தேன். சிறைத்துறைக்கும் உள்துறைக்கும். கேள்விகள் இவைதான்: மதுரை மத்திய சிறையில் கடந்த ஐந்து ஆண்டுகளில் நோய், முதுமை காரணமாக முன்விடுதலை கேட்டு வந்த மனுக்கள் எத்தனை, அவற்றில் ஏற்றவை எத்தனை, எழுத்தில் மறுத்தவை எத்தனை, முடிவு சொல்லாமல் இருப்பவை எத்தனை, முடிவு வருவதற்குள் மனுதாரர் இறந்தவை எத்தனை. கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வருமா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் 31ஆம் நாள் மறுத்ததாகக் கருதி மேல்முறையீடு செய்வேன், எனக்கு அந்த உரிமை இருக்கிறது. பதில் வந்ததும் எண்களை இங்கே அப்படியே போடுகிறேன். மதுரைக் கிளையில் இந்த மாதிரி வழக்கு நடத்திய வக்கீல்கள் யாராவது வாசித்தால், மேலே விதிகளை நான் பிசகாகப் புரிந்துகொண்ட இடம் இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.